மூடிய அறையும் திறந்த வானும்: சிக்கந்தராவிலுள்ள அக்பர் கல்லறை மாளிகையின் கட்டட அமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

ஆக்ராவை அடுத்த சிக்கந்தராவிலுள்ள பேரரசர் அக்பரின் கல்லறை மாளிகை, முகலாயக் கல்லறைகளுள் வடிவத்தால் தனித்து நிற்பது. அதன் உச்சித் தளத்தில் குவிமாடம் இல்லை. பளிங்குத் திருச்சுற்றின் நடுவில், வானம் பார்த்த முற்றத்தில், அடையாளக் கல்லறை அமைந்துள்ளது. இவ்வின்மையைக் கொண்டு இக்கட்டடம் முடிவுறாதது எனக் கருதும் போக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நிலவி வருகிறது. இக்கட்டுரை கட்டடத்தின் தள அமைப்பையும் அளவுகளையும் விளக்கி, குவிமாடம் திட்டமிடப்பட்டது என்பதற்குக் காட்டப்படும் சான்றுகளை மதிப்பிடுகிறது. ஜஹாங்கீரின் நினைவுக்குறிப்புகள், பாபரின் காபூல் கல்லறை, ஜஹாங்கீரின் லாகூர்க் கல்லறை ஆகியவற்றோடு ஒப்பிட்டு, திறந்த உச்சித் தளம் ஒரு குறைபாடு அன்று, தெரிந்து கொள்ளப்பட்ட முடிவு என்று நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அக்பர், ஜஹாங்கீர், சிக்கந்தரா, கல்லறை மாளிகை, குவிமாடம், அடையாளக் கல்லறை, நாற்கூற்றுத் தோட்டம்.

1. முன்னுரை

முகலாயக் கட்டடக்கலை என்றவுடன் மனக்கண்ணில் எழும் வடிவம் குவிமாடம். தில்லியிலுள்ள ஹுமாயூன் கல்லறையும் ஆக்ராவிலுள்ள தாஜ்மகாலும் இவ்வெண்ணத்தை நம்முள் ஆழப் பதித்துள்ளன. ஹுமாயூன் கல்லறை 1570-களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. தாஜ்மகாலின் பணி 1632-இல் தொடங்கியது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில், பேரரசின் மிகப் பெரிய ஆட்சியாளருக்கு எழுப்பப்பட்ட கல்லறை மாளிகையில் குவிமாடம் இல்லை என்பது கலை வரலாற்றாசிரியர்களை நெடுங்காலமாகக் குழப்பி வந்துள்ளது.

ஒரு கட்டடத்தில் இருப்பவற்றை விட்டு இல்லாததைக் கொண்டு அதனை வரையறுப்பது ஆய்வு முறையில் இடர் விளைவிக்கும். சிக்கந்தராக் கட்டடம் 'குவிமாடமற்றது' என்று விவரிக்கப்படும்போது, ஹுமாயூன் கல்லறையும் தாஜ்மகாலும் அளவுகோல்களாக அமைந்து விடுகின்றன. அவ்வளவுகோலுக்கு ஒத்துவராத பகுதி 'குறை' எனப்படுகிறது. அக்குறைக்குக் காரணம் தேடுவதே ஆய்வாகவும் மாறி விடுகிறது. இக்கட்டடம் தன்னளவில் என்ன செய்கிறது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அக்கேள்வியை முன்னுக்குக் கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கட்டுரையில் 'கல்லறை மாளிகை' என்பது கட்டடம் முழுவதையும் குறிக்கும். உடல் அடக்கம் செய்யப்பட்ட இடம் 'உண்மைக் கல்லறை' என்றும், அதற்கு நேர்மேலே உயர்ந்த தளத்தில் நினைவின் பொருட்டு அமைக்கப்பட்ட கல் 'அடையாளக் கல்லறை' என்றும் சுட்டப்படும். இவ்விரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைவது முகலாயக் கல்லறை மாளிகைகளின் பொது மரபு. சிக்கந்தராவைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு இன்றியமையாதது.

2. கட்டுமான வரலாறு

ஆக்ரா நகரின் வடமேற்கில், தில்லி செல்லும் பழைய பெருவழியில் சிக்கந்தரா அமைந்துள்ளது. சிக்கந்தர் லோடியின் பெயரால் இவ்வூர் வழங்கப்படுகிறது. அக்பர் 1605 அக்டோபரில் ஆக்ராவில் இறந்து இங்கு அடக்கம் செய்யப்பட்டார். தம் கல்லறைக்கான பணியை அவரே தொடங்கி வைத்தார் என்பது நெடுநாளைய கருத்து. எனினும் இன்று நாம் காணும் கட்டடத்தின் பெரும்பகுதி அவர் மகன் ஜஹாங்கீரின் காலத்தது.

இது குறித்த முதன்மைச் சான்று ஜஹாங்கீரின் நினைவுக்குறிப்புகளே. தம் ஆட்சியின் மூன்றாம் ஆண்டாகிய 1608-இல் அவர் தந்தையின் கல்லறைக்கு நடந்தே சென்றார். அங்கு எழும்பியிருந்த கட்டடம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. உலகைச் சுற்றி வருவோர் இதற்கு இணையான ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாதபடி அது அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். இளவரசர் குஸ்ரூவின் கலகத்தை அடக்க அவர் லாகூர் சென்றிருந்த காலத்தில், கட்டடக் கலைஞர்கள் தம் போக்கிலேயே பணியை நடத்தி விட்டனர். மூன்று நான்கு ஆண்டு உழைப்பும் பெரும் பொருளும் அதில் செலவாகியிருந்தன. இருந்தும், தேர்ந்த கலைஞர்களைக் கொண்டு திட்டத்தை மாற்றவும், உகந்ததாக இல்லாத பகுதிகளை இடித்துக் கட்டவும் அவர் ஆணையிட்டார். படிப்படியாகப் பெருங்கட்டடமும், சுற்றிலும் தோட்டமும், வெண்கல்லால் ஆன உயர்ந்த மினார்களைக் கொண்ட வாயிலும் எழுந்தன. இதற்கான மொத்தச் செலவு 15 இலட்சம் ரூபாய் என அவர் குறிக்கிறார்.

தெற்கு வாயிலிலுள்ள கல்வெட்டு ஹிஜ்ரி 1022, அதாவது கி.பி. 1613 என்ற ஆண்டைத் தருகிறது. அதன் எழுத்துகளை வடித்தவர் ஷிராஸ் நகரத்து அப்துல் ஹக். பிற்காலத்தில் அமானத் கான் என்னும் பட்டம் பெற்றுத் தாஜ்மகாலின் கல்வெட்டுகளை வடித்தவரும் இவரே.

இவ்வரலாற்றிலிருந்து இரு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, இக்கட்டடத்தின் திட்டம் பணி நடக்கும்போதே மாற்றப்பட்டது. இரண்டாவது, அம்மாற்றத்தைச் செய்வித்தவர் பொருட்செலவைப் பொருட்படுத்தாத, கட்டடத்தின் வடிவம் குறித்துத் தமக்கெனத் தெளிவான எண்ணம் கொண்டிருந்த ஒரு புரவலர்.

3. தோட்டமும் வாயிலும்

கல்லறை மாளிகை சுமார் 119 ஏக்கர் பரப்புள்ள மதில் சூழ்ந்த தோட்டத்தின் நடுவில் நிற்கிறது. தோட்டம் சார்பாக் எனப்படும் நாற்கூற்று முறையில் அமைந்தது. கட்டடத்தின் நான்கு பக்க நடுவிலிருந்தும் புறப்படும் உயர்த்தப்பட்ட அகன்ற நடைபாதைகள் தோட்டத்தை நான்கு சதுரங்களாகப் பிரிக்கின்றன. பாதைகளின் நடுவே நீர்க்கால்களும் இடையிடையே தொட்டிகளும் உள்ளன. இன்று அப்புல்வெளிகளில் வெளிமான்கள் மேய்கின்றன.

நான்கு திசைகளிலும் வாயில் வடிவங்கள் இருப்பினும், தெற்கிலுள்ளதே உண்மையான வாயில். ஏனைய மூன்றும் சமச்சீர்மைக்காக எழுப்பப்பட்ட பொய்வாயில்கள். தெற்கு வாயில் செம்மணற்கல்லால் ஆனது. அதன் முகப்பு முழுவதும் வெண்பளிங்கும் பல வண்ணக் கற்களும் பதித்த பெரிய வடிவியல் கோலங்களால் நிறைந்துள்ளது. அதன் கல்வெட்டு இத்தோட்டத்தைச் சுவர்க்கத் தோட்டமாக உருவகித்து, வருவோரை உள்ளே அழைக்கிறது.

வாயிலின் நான்கு மூலைகளிலும் எழும் வெண்பளிங்கு மினார்கள் தனிக் கவனத்துக்குரியவை. நான்கு மினார்களை ஒரு கட்டடத்தின் மூலைகளில் நிறுத்தும் முறை தக்காணத்தில் 1591-இல் எழுந்த ஐதராபாத் சார்மினாரில் முன்னரே காணப்படுகிறது. வட இந்திய முகலாய மரபில் அது சிக்கந்தரா வாயிலில்தான் முழு வடிவம் பெறுகிறது. பின்னர் லாகூரிலுள்ள ஜஹாங்கீர் கல்லறையின் மூலைகளிலும், தாஜ்மகாலின் மேடை மூலைகளிலும் இதே நான்கு மினார்கள் இடம் பெயர்ந்து நிற்பதைக் காண்கிறோம். சிக்கந்தராவில் வாயிலுக்கு உரியதாக இருந்த உறுப்பு, அடுத்த தலைமுறையில் கல்லறைக்கே உரியதாயிற்று. மினார்களின் சிதைந்த மேற்பகுதிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்சன் காலத்தில், மீண்டும் கட்டப்பட்டன.

4. தளங்களின் அமைப்பு

4.1 அளவுகள்

கல்லறை மாளிகை ஐந்து தளங்கள் கொண்டது. 1876-இல் இந்திய, கீழைக் கட்டடக்கலை வரலாற்றை விரிவாக எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் தரும் அளவுகள் இன்றும் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளத்தக்கவை. அவர் கணக்கின்படி கீழ்த்தளம், மூலைக் கோபுரங்கள் நீங்கலாக, பக்கத்திற்கு 320 அடி (சுமார் 97.5 மீட்டர்) நீளமும் 30 அடி உயரமும் உடையது. அதன் மேலுள்ள இரண்டாம் தளம் பக்கத்திற்கு 186 அடி. உயரம் 14 அடி 9 அங்குலம். மூன்றாம், நான்காம் தளங்களின் உயரம் முறையே 15 அடி 2 அங்குலம், 14 அடி 6 அங்குலம். இந்நான்கும் செம்மணற்கல்லால் ஆனவை. ஐந்தாவதாகிய பளிங்குச் சுற்று பக்கத்திற்கு 157 அடி. மூலை மண்டபங்களின் உச்சி வரை மொத்த உயரம் 100 அடிக்குச் சற்று மிகுதி.

இவ்வளவுகளைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். இக்கட்டடத்தைப் 'படிப்படியாகக் குறுகும் பிரமிடு' என விவரிப்பது வழக்கம். ஆனால் குறுகல் சீரானதன்று. முதல் தளத்திலிருந்து இரண்டாம் தளத்திற்கு அகலம் 134 அடி குறைகிறது. அதாவது ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 67 அடி அகலமுள்ள திறந்த மொட்டைவெளி உருவாகிறது. இரண்டாம் தளத்திலிருந்து உச்சிப் பளிங்குச் சுற்று வரையிலான குறைவோ வெறும் 29 அடி. எனவே இதனை ஒரே பிரமிடாகக் காண்பதைவிட, மிக அகன்ற ஒரு மேடையும், அதன் நடுவில் நெருக்கமாக எழும் ஒரு மண்டப அடுக்கும் என இரு பகுதிகளாகக் காண்பதே பொருந்தும். இவ்விரு பகுதிகளும் கட்டுமானத்திலும் தன்மையிலும் வேறுபட்டவை.

4.2 கீழ்த்தளம்: கனமும் இருளும்

கீழ்த்தளத்தின் ஒவ்வொரு முகப்பிலும் பத்துப் பெரிய வளைவுகள் உள்ளன. நடுவில் பளிங்குப் பதிப்பு வேலைப்பாடுடன் பிஷ்தாக் எனப்படும் உயர்ந்த சட்டக முகப்பு எழுகிறது. வளைவுகளுக்குப் பின்னால் தடித்த தூண்கள் தாங்கும் வளைகூரை நடைகள் நீள்கின்றன. உயர்ந்த மேடையின் முகப்பை வளைவுகளால் அமைக்கும் இம்முறை ஹுமாயூன் கல்லறை மேடையின் நேரடித் தொடர்ச்சி. அக்பரின் மகள்களான ஷக்ருன்னிசா பேகம், ஆராம் பானு பேகம் ஆகியோரின் கல்லறைகளும் இத்தளத்தில் உள்ளன.

தெற்குப் பிஷ்தாக்கின் வழியே நுழைந்தால் முதலில் அமைவது ஒரு முன்கூடம். அதன் சுவரும் கூரையும் சுதை வேலைப்பாட்டாலும், நீலமும் பொன்னும் கலந்த வண்ணங்களாலும் நிறைந்தவை. அங்கிருந்து ஒடுங்கிய, கீழ்நோக்கிச் சரியும் ஒரு நடைவழி உள்ளே செல்கிறது. அதன் முடிவில் உள்ளது உண்மைக் கல்லறை. பெர்குசன் இவ்வறையைப் பக்கத்திற்கு 35 அடி கொண்ட வளைகூரை அறை எனக் குறிக்கிறார். அணிகலன் ஏதுமற்ற சுவர்கள், எளிய ஒரு கல், மங்கிய வெளிச்சம் என்பனவே அங்குள்ளவை. முன்கூடத்தின் பொன்வண்ணத்தைக் கடந்து வருவோருக்கு இவ்வெறுமை கூர்மையாகப் புலப்படும்.

4.3 இடைத்தளங்கள்

இரண்டாம் தளம் முதல் கட்டடத்தின் தன்மை மாறுகிறது. தடித்த சுவர்களுக்கு மாறாக மெலிந்த தூண்களும், அவற்றிடையே காற்றோடும் திறந்த நடைகளும், மேலே வரிசையாகச் சத்ரிகள் எனப்படும் சிறு குடைமண்டபங்களும் அமைகின்றன. முன்தள்ளிய கொடுங்கைகள் நிழல் தருகின்றன. இத்தளங்களில் 'அறை' எனத்தக்க உள்வெளி முதன்மை பெறவில்லை. நிழலும் திறப்பும் மாறி மாறி வருவதே இவற்றின் இயல்பு.

இவ்வடிவத்திற்கு மிக நெருங்கிய முன்மாதிரி அக்பரின் தலைநகராகிய பதேபூர் சிக்ரியிலேயே உள்ளது. அங்குள்ள பஞ்ச மகால் ஐந்து தளங்களும் மொத்தம் 176 தூண்களும் கொண்டது. கீழ்த்தளத்தில் 84 தூண்கள். அடுத்தடுத்த தளங்களில் 56, 20, 12. உச்சியில் நான்கு தூண்கள் தாங்கும் ஒற்றைச் சத்ரி. பெர்குசன் சிக்கந்தராவின் தளவமைப்புக்குப் பௌத்த விகாரங்களை மூலமாகக் கருதினார். அவ்வளவு தொலைவு செல்ல வேண்டிய தேவை இல்லை. அக்பரின் சொந்தக் கட்டடத் தொகுதியிலேயே அடுக்குத் தூண்மண்டபம் என்னும் வடிவம் நிலைபெற்றிருந்தது. சிக்கந்தராவின் புதுமை, அரண்மனையின் இன்ப மண்டபத்துக்குரிய அவ்வடிவத்தைக் கல்லறை மேடையின் மீது ஏற்றியதில் உள்ளது.

4.4 உச்சித் தளம்: பளிங்கும் வானும்

ஐந்தாம் தளத்தில் செம்மணற்கல் முற்றிலும் மறைந்து வெண்பளிங்கு மட்டுமே எஞ்சுகிறது. வெளிச்சுவர் முழுவதும் நுண்ணிய துளை வேலைப்பாடுள்ள பளிங்குப் பலகணிகளால் ஆனது. உட்புறம் நான்கு பக்கமும் பளிங்குத் திருச்சுற்று சூழ்ந்துள்ளது. நடுவில் திறந்த முற்றம். அதன் மையத்தில் 38 அடிச் சதுரமான மேடை. அம்மேடை மீது அடையாளக் கல்லறை. பூவேலையும் கொடிவேலையும் நிறைந்த இப்பளிங்குக் கல்லில் இறைவனின் 99 திருநாமங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தலைப்பக்கம் 'அல்லாஹு அக்பர்' என்றும், கால்பக்கம் 'ஜல்ல ஜலாலுஹு' என்றும் எழுதப்பட்டுள்ளன.

இவ்விரு தொடர்களும் தற்செயலானவை அல்ல. அக்பரின் முழுப்பெயர் ஜலாலுத்தீன் முகமது அக்பர். அவருடைய ஆன்மிக வட்டத்தினர் ஒருவரையொருவர் சந்திக்கும்போது முதல் தொடரைக் கூறி வணங்குவர், மற்றவர் இரண்டாம் தொடரால் மறுமொழி கூறுவர் என ஆயின்-இ-அக்பரி பதிவு செய்கிறது. இறைவனின் பெருமையைக் கூறும் சொற்களுக்குள்ளேயே பேரரசரின் பெயரும் ஒலிக்கிறது. பேரரசரின் பெயர் கீழறையின் எளிய கல்லில் அடங்கி விடாமல், வானம் பார்த்த கல்லில் இறைநாமங்களோடு கலந்து நிற்கிறது.

மேற்சொன்ன உயரங்களைக் கூட்டினால், கீழ்த்தளத்தின் அடியிலிருந்து பளிங்குத் தளத்தின் தொடக்கம் வரை ஏறத்தாழ 74 அடி. ஹுமாயூன் கல்லறையில் உண்மைக் கல்லறைக்கும் அடையாளக் கல்லறைக்கும் இடையே ஒரு மேடையின் உயரமே உள்ளது. சிக்கந்தராவில் அவ்விடைவெளி நான்கு தளங்களாக நீட்டப்பட்டுள்ளது. இந்நீட்சியே இக்கட்டடத்தின் அடிப்படைச் செயல்.

5. குவிமாடம் திட்டமிடப்பட்டதா?

5.1 திட்டமிடப்பட்டது என்போரின் சான்றுகள்

உச்சி முற்றத்தின் மீது குவிமாடம் எழுப்பும் எண்ணம் இருந்து கைவிடப்பட்டது என்னும் கருத்துக்கு வலுவான குரல் கொடுத்தவர் பெர்குசன். அவர் வாதம் மூன்று கூறுகள் கொண்டது. ஒன்று, நடுவிலுள்ள 38 அடி மேடை ஒரு குவிமாடத்தின் அடித்தளம் போலவே காட்சியளிக்கிறது. இரண்டு, இப்போதுள்ள உயரத்திற்கு மேல் 30 அல்லது 40 அடி உயரும் குவிமாடம் ஒன்று இருந்திருந்தால் கட்டடத்தின் புறவடிவம் நிறைவு பெற்றிருக்கும். மூன்று, இந்தியாவில் வேறெந்த அரசரின் அடையாளக் கல்லறையும் இவ்வாறு வெயிலுக்கும் மழைக்கும் விடப்படவில்லை.

இவற்றினும் வலிமையான சான்று ஆங்கில வணிகர் வில்லியம் பின்ச் விட்டுச் சென்ற குறிப்பு. 1611 அளவில் சிக்கந்தராவைக் கண்ட அவர், பணி இன்னும் முடியவில்லை என்றும், கல்லறையின் மேல் வெண்பளிங்கும் புள்ளிப் பளிங்கும் கொண்டு வளைவாக மூடி, உட்புறம் பொற்றகடு வேயப்பட இருப்பதாகவும் எழுதியுள்ளார். கட்டுமானக் காலத்திலேயே நேரில் கண்டவரின் பதிவு என்பதால் இதனை எளிதில் ஒதுக்கி விட இயலாது.

5.2 சான்றுகளின் மதிப்பீடு

பெர்குசனின் முதற்கூறு தோற்ற ஒற்றுமையை மட்டுமே சார்ந்தது. முகலாயக் கட்டடங்களில் மேடை என்பது தனக்கெனப் பொருளுடைய ஓர் உறுப்பு. மதிப்புக்குரியதை உயர்த்திக் காட்டும் அம்மேடை மேலே ஒரு கூரையை வேண்டி நிற்பதில்லை.

இரண்டாம் கூறு அழகியல் தீர்ப்பு. ஹுமாயூன் கல்லறையையும் தாஜ்மகாலையும் கண்டு பழகிய கண் எதிர்பார்ப்பதை அது வெளிப்படுத்துகிறது. சிக்கந்தரா வாயிலின் கல்வெட்டு வெட்டப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே தாஜ்மகாலின் பணி தொடங்கியது. பின்னது முன்னதற்கு அளவுகோலாக முடியாது.

மூன்றாம் கூறு உண்மை நிலையோடு பொருந்தவில்லை. முகலாய மரபின் நிறுவனராகிய பாபரின் கல்லறை காபூலில் தோட்டத்தின் நடுவே திறந்த வெளியில் அமைந்தது. ஒளரங்கசீப்பின் கல்லறை குல்தாபாத்தில் இன்றும் வானம் பார்த்தே உள்ளது. ஜஹாங்கீரின் கல்லறை மாளிகை லாகூரை அடுத்த ஷாதராவில் 1637-இல் நிறைவுற்றது. ஒரே தளமும் மூலைகளில் நான்கு மினார்களும் உடைய அதற்கும் குவிமாடம் இல்லை. பாபரைப் போலத் தம் கல்லறையும் திறந்த வெளியில் அமைய வேண்டும் என ஜஹாங்கீர் விரும்பியதாக ஷாஜகான் கால வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. ஆகவே மூடிய கல்லறையும் திறந்த கல்லறையும் முகலாய அரச குலத்தில் இணையாக நிலவிய இரு மரபுகள். முன்னதை விதியென்றும் பின்னதை விலக்கென்றும் கொள்ள இடமில்லை.

பின்ச் தரும் சான்றை வேறு வகையில் அணுக வேண்டும். 1611-இல் ஏதோ ஒரு மூடுகை குறித்துப் பேசப்பட்டது என்பதை அது ஐயமின்றிக் காட்டுகிறது. ஆயினும் அது கண்ட ஒன்றைப் பற்றிய விவரணை அன்று. கட்டப்பட இருந்ததைப் பற்றிக் கேட்டறிந்த செய்தி. அவர் குறிப்பது பெருங்குவிமாடமா, கல்லறையை மட்டும் கவிக்கும் சிறு பளிங்கு விதானமா என்பதும் அச்சொற்களால் தெளிவாகவில்லை. மேலும், 1608-இல் ஒருமுறை மாற்றப்பட்ட திட்டம் மறுமுறை மாறியிருக்க வாய்ப்புண்டு.

இங்கு ஒரு கேள்வி முடிவானது. மூடுகை திட்டமிடப்பட்டிருந்தால் அது ஏன் கட்டப்படவில்லை? காலம் போதவில்லை எனக் கூற இயலாது. வாயில் கல்வெட்டுக்குப் பின் ஜஹாங்கீர் பதினான்கு ஆண்டுகள் ஆட்சி செய்தார். பொருள் போதவில்லை என்பதும் பொருந்தாது. கட்டிய பகுதிகளையே இடித்துக் கட்டச் செய்தவர் அவர். அவருடைய ஆட்சியின் இறுதியில், 1622 முதல் 1628 வரை, அதே ஆக்ராவில் நூர்ஜஹான் தம் தந்தை இதிமாதுத்தௌலாவுக்கு முழுவதும் பளிங்கு போர்த்திய கல்லறை மாளிகையை எழுப்பினார். கைவினைஞரும் பளிங்கும் கிடைக்காத காலமன்று அது. மேலும், சிக்கந்தராவில் எழுந்தவற்றை ஜஹாங்கீர் தம் குறிப்பில் எண்ணிச் சொல்லும்போது, கட்டடம், தோட்டம், வாயில், வெண்மினார்கள் ஆகியவற்றைக் கூறுகிறார். எஞ்சிய பணி எதையும் சுட்டவில்லை. தொடக்கத்தில் எத்திட்டம் இருந்திருப்பினும், இறுதியில் உச்சியைத் திறந்தே விடுவது என்பது புரவலர் ஏற்றுக்கொண்ட முடிவு என்று கொள்வதே சான்றுகளுக்கு இயைகிறது.

5.3 காபூலிலிருந்து சிக்கந்தராவுக்கு

இம்முடிவுக்குத் துணை செய்யும் ஒரு கால வரிசையை இங்குச் சுட்டலாம். ஜஹாங்கீர் 1607-இல் காபூல் சென்று பாபரின் கல்லறையைத் தரிசித்தார். அக்கல்லறையின் தலைப்பக்கக் கல்வெட்டு ஜஹாங்கீரின் ஏற்பாட்டில் அவ்வாண்டு அளவில் நிறுவப்பட்டதே. அடுத்த ஆண்டில் ஆக்ரா திரும்பிய அவர், சிக்கந்தராவுக்கு நடந்து சென்று, பணியை மாற்றுமாறு ஆணையிட்டார். குலமுதல்வரின் திறந்த கல்லறையைக் கண்டு வந்த நினைவு மாறுவதற்குள் தந்தையின் கல்லறைத் திட்டம் மாற்றப்பட்டுள்ளது. முன்னது பின்னதற்குக் காரணம் என்று உறுதிபடக் கூற நேரடிச் சான்று இல்லை. ஆனால் பிற்காலத்தில் தம் கல்லறைக்கும் பாபரையே முன்மாதிரியாகக் கொண்டதாகக் கூறப்படும் ஒருவரின் செயல் வரிசையில் இது பொருளற்ற தற்செயலாகத் தோன்றவில்லை.

6. திறப்பின் பொருள்

திறந்த உச்சிக்கு இரு வகையில் விளக்கம் கூற இயலும். கல்லறையின் மீது கட்டடம் எழுப்புவதைக் கண்டிப்பான இசுலாமிய நெறி விரும்புவதில்லை. அரச குலத்தின் பெருமையோ பெருங்கட்டடத்தை வேண்டுகிறது. கட்டடம் பிரம்மாண்டமாக இருக்க, பெயர் தாங்கிய கல் மட்டும் கூரையின்றி வானத்தின் கீழ் இருப்பது, இவ்விரு தேவைகளுக்கும் இடையே எட்டப்பட்ட ஓர் இணக்கம் எனலாம்.

மற்றொரு விளக்கம் அக்பரின் ஆட்சிக் கருத்தியலைச் சார்ந்தது. அரசுரிமை என்பது இறைவனிடமிருந்து வெளிப்படும் ஒளி என்று அபுல் பசல் ஆயின்-இ-அக்பரியில் விளக்குகிறார். கதிரவனுக்கு அக்பர் அளித்த மதிப்பும் அறியப்பட்டதே. அத்தகையவரின் நினைவுக்கல் பகலில் கதிரவனையும் இரவில் விண்மீன்களையும் நேர்கொண்டு பார்க்கும்படி வைக்கப்பட்டிருப்பது இக்கருத்தியலுக்கு இசைவானது. இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரே கட்டடம் நெறியாளருக்கு அடக்கமாகவும், அக்பரின் அன்பர்க்கு ஒளியின் வழிபாடாகவும் தோன்றியிருக்கக் கூடும்.

எவ்விளக்கத்தை ஏற்பினும் கட்டடம் அமைக்கும் பயணம் ஒன்றே. செம்மணற்கல்லிலிருந்து வெண்பளிங்குக்கும், தடித்த சுவரிலிருந்து பலகணிக்கும், இருளிலிருந்து ஒளிக்கும், ஒடுங்கிய சரிவழியிலிருந்து எல்லையற்ற வானுக்கும் அது படிப்படியாக நகர்கிறது. உச்சியில் குவிமாடம் வைத்தால் இப்பயணம் மீண்டும் ஓர் அறையில் முடிந்திருக்கும். கீழ்த்தளத்துக்கும் மேல்தளங்களுக்கும் இடையே காணப்படும் பொருத்தமின்மையைத் திட்ட மாற்றத்தின் வடுவாகப் பலர் காண்கின்றனர். திட்டம் மாறியது உண்மையே. ஆயினும், மாறிய பின் கிடைத்த வடிவத்தில் அவ்வேறுபாடு பொருளுடையதாக ஆக்கப்பட்டுள்ளது என்பதையும் காண வேண்டும்.

இன்று இதனைக் காண்பதற்கு நடைமுறைத் தடை ஒன்றுண்டு. மேல்தளங்களுக்குப் பார்வையாளர் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. சிக்கந்தராவுக்குச் செல்வோர் வாயிலையும் முன்கூடத்தையும் கடந்து, இருண்ட அறையைக் கண்டு திரும்புகின்றனர். கட்டடம் எதை நோக்கி எழுகிறதோ அவ்விடத்தை அவர்கள் காண்பதில்லை. இக்கட்டடத்தின் மேல்தளங்களை ஆய்வோர் இந்தியத் தொல்லியல் துறைக்காக இ. டபிள்யூ. ஸ்மித் வரைந்து 1909-இல் வெளியான பெருநூலின் வரைபடங்களை இன்றும் நாட வேண்டியுள்ளது. பாதியளவே காணப்படும் கட்டடம் பாதியளவே கட்டப்பட்டதாகக் கருதப்படுவதில் வியப்பில்லை.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

சிக்கந்தராக் கல்லறை மாளிகை சீரான பிரமிடு அன்று. கனமான வளைவு மேடை ஒன்றும், அதன் நடுவில் எழும் மெல்லிய தூண்மண்டப அடுக்கு ஒன்றும் இணைந்த அமைப்பு அது. முன்னதன் மூலம் ஹுமாயூன் கல்லறையிலும், பின்னதன் மூலம் பதேபூர் சிக்ரியின் பஞ்ச மகாலிலும் உள்ளன.

குவிமாடம் திட்டமிடப்பட்டது என்பதற்கான சான்றுகளுள் பின்ச் எழுதிய குறிப்பு மட்டுமே கருதத்தக்கது. அதுவும் கட்டுமானத்தின் இடைக்காலத்து எண்ணம் ஒன்றையே காட்டுகிறது. இறுதி வடிவத்தின் திறந்த நிலைக்குக் காலக்குறையோ பொருட்குறையோ காரணமாக இருந்திருக்க இயலாது.

பாபர், ஜஹாங்கீர், ஒளரங்கசீப் ஆகியோரின் கல்லறைகளோடு வைத்து நோக்கும்போது, சிக்கந்தரா விதிவிலக்காகத் தோன்றவில்லை. மூடிய கல்லறை மரபும் திறந்த கல்லறை மரபும் ஒரே கட்டடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, சந்திக்கும் இடம் அது. கீழே ஹுமாயூனின் மேடை; மேலே பாபரின் வானம்.

முகலாயக் கட்டடக்கலையின் வளர்ச்சியை ஹுமாயூன் கல்லறையிலிருந்து தாஜ்மகாலுக்குச் செல்லும் நேர்க்கோடாக வரையும் முறையில் சிக்கந்தராவுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை. அக்கோட்டை வரைந்தவர்கள் நாமே, கட்டியவர்கள் அல்லர். இதிமாதுத்தௌலா, ஜஹாங்கீர் ஆகியோரின் கல்லறை மாளிகைகளையும் இதே நோக்கில் மீளாய்வு செய்தால், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியைத் தாஜ்மகாலுக்கான முன்னுரையாக அல்லாமல், தனக்கெனக் கேள்விகளைக் கொண்டிருந்த ஒரு காலமாக அறிய இயலும்.